அந்தத் தீவின் சாசனத்தில் என் ஷரத்து

எண்ணூரில் ஒரு புகைபோக்கி நிற்கிறது. அதன் உச்சியில் கடைசி இரும்பு வளையத்தை ஏற்றியவன் நான். திருவொற்றியூரில் ஆறு கம்பெனிக்குக் கூரை ஏற்றினேன். துறைமுகத்தில் கிரேன் படுத்துக்கொண்ட அன்றைக்கு, ஒரு கம்பமும் ரெண்டு கப்பியும் வைத்து ஆலை பாய்லரைக் கரை இறக்கினேன். கத்திவாக்கத்தில் உப்புக்காத்துக்கு நடுவில் ரெண்டு மாடி வீடு கட்டினேன். மூணு பொண்ணுங்களைக் காலேஜுக்கு அனுப்பினேன். நான் படித்தது நாலாம் கிளாஸ், அதிலும் பாதி நாள் கடலோரம். இதெல்லாம் போக, கடல் தாண்டி ஒரு புது தேசத்தின் அரசியல் சாசனத்தில் ஒரு ஷரத்து போட்டேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

போன மாசம் சின்னப் பொண்ணு போனில் ஒரு படம் காட்டினாள். அந்த நாட்டில், சாசனம் எழுதின மண்டபத்து வாசலில் புதுசாகக் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். உறுப்பினர்கள் பெயர், வெளிநாட்டு வக்கீல்கள் பெயர், முத்திரை வரைந்தவர் பெயர், டைப் அடித்தவர் பெயர் வரைக்கும் கீது. நான் இல்லை. மூணு தரம் பெரிசாக்கிப் பார்க்கச் சொன்னேன். இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத்துப் பிழையை அவள் திருத்தினாள், விஷயம் என்னுடையது.

நான் ராயபுரத்துக் கலாசி. பாரம் தூக்குவது, நகர்த்துவது, இறக்குவது என் தொழில். இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும், சண்டை முடிந்து அப்போதுதான் சுதந்திரம் வாங்கின ஒரு குட்டித் தீவுக்கு வேலைக்குப் போனேன். கூட என் தோஸ்து, வண்ணாரப்பேட்டைக்காரன். கப்பலில் சமையல் வேலை பார்த்தவன், இங்கிலீஷ் அவனுக்குத் தண்ணிபட்ட பாடு.

சாசனம் எழுத ஜனங்கள் ஓட்டுப் போட்டு ஆள் அனுப்பியிருந்தார்கள். உட்காரத்தான் இடமில்லை, ஊர் பாதி எரிந்து கிடந்தது. துறைமுகத்தை ஒட்டி ஒரு பழைய கிடங்கு, அதற்கும் பாதிதான் கூரை. கூரை இருந்த பாதியில் அவர்கள் சாசனம் எழுதினார்கள். கூரை இல்லாத பாதியில் நாங்கள் இரும்பு உத்திரம் ஏற்றினோம். மழை பிடிப்பதற்குள் ரெண்டு வேலையும் முடிந்தாக வேண்டும்.

பாரம் மேலே இருக்கும்போது கீழே, பக்கத்தில், வேலையில்லாத ஆள் இருக்கக் கூடாது. நான் விசில் ஊதினால் மொத்த சபையும் பேச்சை விட்டுவிட்டு எழுந்து வெளியே மாமரத்தடிக்குப் போகும். ஒரு தேசத்தின் சபையை நாளைக்கு மூணு தரம் வெளியே அனுப்பினவன் உலகத்தில் எத்தனை பேர்? உள்ளே மேஜையைத் தட்டினவர்கள், மரத்தடியில் ஒருத்தர் சிகரெட்டில் ஒருத்தர் நெருப்பு வாங்கிக்கொண்டு பேசினார்கள். உள்ளே முடியாத சில விஷயம் அங்கேதான் முடிந்தது. அதுக்கெல்லாம் நான் பங்கு கேட்கவில்லை.

சட்டம் என்றால் பெரிய மனுஷர்கள் எங்கோ உட்கார்ந்து எழுதி நம்ம தலையில் வைப்பது என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே ஒவ்வொரு ஷரத்தாக வாசித்தார்கள், அடித்தார்கள், திருத்தினார்கள், கை தூக்கினார்கள். எழுதினதைக் கட்டுக்கட்டாக ஜீப்பில் ஏற்றி மலைக்கிராமங்களுக்குக் கொண்டுபோய் ஜனங்களைக் கேட்டார்கள். திரும்பி வந்த ஜீப்பில் காகிதத்தோடு ரெண்டு வாழைத்தாரும் ஒரு கோழியும் வந்தன.

ஒரு ஷரத்தில் மட்டும் நாள் கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். "இன்னாடா தகராறு?" என்று தோஸ்தைக் கேட்டேன்.

"கவர்மெண்டு தப்பு பண்ணா கோர்ட்டுக்கு யாரு போலாம்னு தகராறு மாமு. அடிபட்டவன் மட்டும்தான் போணும்னு ஒரு கட்சி. எவன் வேணா போலாம்னு இன்னொரு கட்சி. ஆளாளுக்குப் போனா ஆட்சி எப்டி நடக்கும், பேஜாரு இல்லியான்றாங்க."

எனக்கு அது அன்றைக்குப் பெரிசாகப் படவில்லை.

ரெண்டு நாள் கழித்து, மதியம். முதல் நாள் ராத்திரி மழை. சபையை வெளியே அனுப்பிவிட்டு நீளமான உத்திரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தேன். பாதி உயரம் போயிருக்கும். கிடங்குக்குப் பின்பக்கம் காப்பி விற்கிற அம்மா ஒருவர் ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்து கத்தினார். பாஷை தெரியாது. ஆனால் அந்தக் குரலுக்குப் பாஷை வேண்டாம். நான் கையை உயர்த்தி மடக்கினேன். வடம் சுற்றும் வின்ச் நின்றது.

எங்களைக் கூட்டிப்போன கம்பெனியின் இன்ஜினியர் குதித்தார். "காப்பிக்காரி கத்தினா நிறுத்துவியா? நீ மேஸ்திரியா, அவ மேஸ்திரியா?"

நான் பின்பக்கம் ஓடினேன். உத்திரம் தூக்கும் கம்பத்தைப் பிடித்து நிற்க வைக்கும் நாலு வடத்தில் ஒன்று, ஈர மண்ணில் அடித்த முளையோடு முக்கால்வாசி பிடுங்கிக்கொண்டு நின்றது. நான் நின்ற இடத்திலிருந்து அது தெரியாது. அந்த அம்மா அடுப்பு வைத்த இடத்திலிருந்துதான் தெரியும். லாரியைக் கொண்டுவந்து வடத்தை அதில் கட்டி, உத்திரத்தை மெல்ல இறக்கினோம். அந்த அம்மா கத்தினபோது அதன் அடியில் என் ஆட்கள் நாலு பேர் இருந்தார்கள்.

மரத்தடியில் இதைப் பார்த்த ஒரு பெண் உறுப்பினர் நேரே என்னிடம் வந்தார். சண்டைக் காலத்தில் நர்ஸாக இருந்தவர், சாசனம் எழுதும் குழுவில் ஒருவர். தோஸ்து நடுவில் நின்று மொழிபெயர்த்தான்.

"நீங்கள்தான் தலைவர். காப்பிக்கார அம்மா சொல்லி எதற்கு நிறுத்தினீர்கள்?"

"தூக்குன்னு சொல்ல ஒருத்தன்தான்மா. நாலு பேர் சொன்னா பாரம் கோணிக்கும். நிறுத்துன்னு யார் வேணா சொல்லலாம்."

"அவர் சொன்னது தப்பாக இருந்தால்?"

"பாத்துட்டு மறுபடி தூக்குவேன். அரை மணி போவும். நிக்காம விட்டா ஆளு போவும்."

"இதை யார் உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது?"

அதுவரை யாருக்கும் சொல்லாததை அங்கே சொன்னேன். எனக்கு இருபது வயசு, நம்ம துறைமுகத்தில் வின்ச் பிடித்திருந்தேன். டீ வண்டிக்காரர் ஒருவர் "நிறுத்து நைனா!" என்று கத்தினார். டீக்காரன் சொல்லி நான் நிறுத்துவதா என்று நினைத்தேன். ஒரு மூச்சு நேரம்தான். என் கூட்டாளிக்கு முழங்காலுக்குக் கீழே கால் போனது. கால் போனவர் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

நான் சொன்னதைக் குறித்துக்கொண்டிருந்த அந்த நர்ஸம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். தோஸ்தும் பார்த்தான். "இத்தினி வருசமா எங்கிட்ட சொல்லவே இல்லியே மாமு," என்றான்.

மறுநாள் காலையில் நர்ஸம்மா சபையில் எழுந்து பேசினார். நடுவில் இறக்கி வைத்த உத்திரத்தைக் கை காட்டினார். நாட்டை ஓட்ட ஒரு கை போதும், நிறுத்தச் சொல்ல எல்லாருக்கும் வழி வேண்டும் என்றாராம், தோஸ்து சொன்னான். அப்புறம் கைகள் உயர்ந்தன, ஒன்றிரண்டாக, பிறகு கொத்தாக. எவரும் கோர்ட்டுக்குப் போகலாம் என்கிற பக்கம் ஜெயித்தது. சில வாரம் கழித்து முழு சாசனத்தையும் வாசித்து ஏற்றுக்கொண்ட அன்றைக்கு, எங்கள் கூரைக்குக் கீழே ஒவ்வொருத்தராக வந்து கையெழுத்துப் போட்டார்கள். வெளியே மழை கொட்டியது, உள்ளே ஒரு சொட்டு விழவில்லை.

தோஸ்து இப்போதும் சீண்டுவான். "அந்த மாதிரி ஷரத்து வேற நாட்டுலயும் கீதாம் மாமு. வக்கீலுங்க முன்னாடியே எழுதி வெச்சிருப்பாங்க. நாலாங்கிளாஸ் பேரைப் போட்டா கல்வெட்டே கலீஜ் ஆயிடும்." எழுதி வைத்திருக்கட்டும். எழுதி வைத்த பிறகும் நாள் கணக்கில் கை தூக்காமல்தானே உட்கார்ந்திருந்தார்கள்? மனசு மாறினது எதைப் பார்த்து?

அந்த நாட்டுக்காரர்கள் காதில் இது விழட்டும். கல்வெட்டின் அடியில் நாலு விரல் இடம் காலியாக இருக்கிறது, படத்தில் அளந்து பார்த்தேன். பெயர் வேண்டாம். நடந்த வரிசையில் ரெண்டு வரி வெட்டுங்கள். நிறுத்தச் சொன்ன காப்பிக்கார அம்மாவுக்கு முதல் வரி, அது நியாயம். கேட்டு நிறுத்தின ராயபுரத்துக் கலாசிக்கு ரெண்டாவது வரி. அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.