குழம்பில் விழுந்த முன்பல்

வீரணனின் முன்பல் கறிக்குழம்பில்தான் விழுந்தது என்று ஊரே சொல்லும். அன்றைக்கு அந்தக் குழம்பைச் சாப்பிட்டவர்கள் மட்டும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு அந்தப் பேச்சே பிடிக்காது.

வீரணன் அவனியாபுரத்துக்கும் பெரியார் பஸ் நிலையத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஏழு பேர் உட்காரும் இடத்தில் பன்னிரண்டு பேரை ஏற்றிவிட்டு, நெருக்குகிறது என்று முனகுகிறவர்களைச் சிரித்தே சமாளித்துவிடுவார். அந்தச் சிரிப்பில்தான் வண்டி ஓடியது, டீசல் சும்மா பேருக்கு. அவருக்கு ஒரே தங்கை, ஜெயக்கொடி. அவளைத் திருமங்கலம் பக்கத்தில் கருத்தக்கண்ணன் என்கிற ஆட்டு வியாபாரிக்குக் கட்டிக்கொடுத்திருந்தது. மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே இலையில் சாப்பிட்ட காலமும் உண்டு.

இரண்டாயிரத்து ஐந்தில் கருத்தக்கண்ணனின் குலசாமி கோயிலில் கிடாவெட்டு நடந்தது. அதில் தலைக்கறி யாருக்கு என்று பேச்சு வந்தது. பெண் கொடுத்த வீட்டுக்குத்தான் மரியாதை என்றார் வீரணன். கிடா பிடித்து வந்தவனுக்கே தலை என்றார் கருத்தக்கண்ணன். வெட்டிய தலையில் மூளை இருந்தது, சண்டை போட்ட இரண்டு தலையிலும்தான் இல்லை. வாய் தடித்தது, கை நீண்டது. வீரணன் குப்புறப் போய் குழம்பு அண்டாவின் விளிம்பில் வாயை மோதிக்கொண்டு எழுந்தபோது, மேல்வரிசையில் நட்டநடுவே ஒரு பல்லைக் காணோம்.

ஒருத்தராவது குனிந்து தேடினார்களா? இல்லை. எல்லோரும் கருத்தக்கண்ணனைப் பிடித்து இழுப்பதிலேயே குறியாக இருந்தார்கள். அவரோ கையை உதறிவிட்டுச் சொன்னார்: "நான் தொடவே இல்ல. அவராத்தான் தடுக்கி விழுந்தாரு."

பல் போனதைக்கூட வீரணன் பொறுத்துக்கொண்டிருப்பார். "தொடவே இல்ல" என்ற அந்தச் சொல்தான் அவருக்குள் முள்ளாகத் தைத்து நின்றது. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. வீரணன் வாய்க்குக் குறுக்கே துண்டைப் பிடித்துக்கொண்டு ஆட்டோ ஓட்டினார். என்னண்ணே, காதலி யாராச்சும் பாத்துருவாங்களா என்று காலேஜ் பிள்ளைகள் கேலி செய்தார்கள். பதிலுக்குச் சிரிக்கவும் முடியவில்லை.

ஒரு வருடம் கழித்து, கார்த்திகையில், ஜெயக்கொடி போன் செய்தாள். தை மாதம் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காராமல் எந்தப் பிள்ளைக்குக் காது குத்துவார்கள்? மாப்பிள்ளையே வந்து முறையாக அழைக்க வேண்டும் என்று முறுக்கிக்கொண்டு நிற்க வீரணனுக்கு நல்ல வாய்ப்பு. ஆனால் தங்கையின் குரல் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"அண்ணே, மடி ஒன்னோடதுதான். ஆனா அந்த ஓட்டையோட மட்டும் வந்து நிக்காதண்ணே. நீ வாயத் தொறந்தாப் போதும், ஊரு பழைய கதைய எடுத்துரும். அவுக மொறச்சுக்கிட்டுக் கெளம்பிப் போயிட்டா, பிள்ளைய வச்சுக்கிட்டு நடுவுல நான்தான நிக்கணும்?"

வீரணன் வாயிலிருந்த துண்டை எடுத்தார். "பல்லோடதாம்மா வாரேன்" என்று சொல்லிவிட்டார்.

கே.கே. நகரில் டாக்டர் ஸ்வப்னாவின் கிளினிக். சௌராஷ்டிரா குடும்பத்துப் பெண். அம்மாவிடம் போனில் அவர்கள் பாஷையில் படபடவென்று பேசிவிட்டு, வந்தவர்களிடம் நிதானமான தமிழில் பேசுவார். பஞ்சர் போடுகிற மாதிரி போனோமா, மாட்டினோமா, வந்தோமா என்றுதான் வீரணன் நினைத்திருந்தார். சாயங்கால டிரிப்பில் புதுப் பல்லைக் காட்டுவதாகப் பயணிகளிடம் சொல்லியும் வைத்திருந்தார்.

"பல் எப்படிண்ணே போச்சு?" என்று கேட்டார் டாக்டர்.

"படிக்கட்டுல விழுந்துட்டேம்மா."

பக்கத்தில் இருந்த மனைவி முத்துச்செல்வி அவரைத் திரும்பிப் பார்த்தார். என்ன இருந்தாலும் தங்கச்சி புருஷன், அந்நியர் முன்னால் விட்டுக்கொடுக்க முடியுமா என்பது போல வீரணன் சுவரைப் பார்த்தார்.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். "எலும்பு நல்லா இருக்கு. இன்னும் ரெண்டு மூணு வருஷம் விட்டிருந்தா கரைஞ்சு போயிருக்கும். ரெண்டு வழி இருக்குண்ணே. பக்கத்துப் பல் ரெண்டையும் ராவி, அதுமேல பாலம் மாதிரி கட்டலாம். இல்லேன்னா எலும்புக்குள்ள ஒரு திருகாணி வச்சு, அதுமேல தனியா ஒரு பல் மாட்டலாம்."

"பக்கத்துப் பல்லு என்னம்மா பாவம் பண்ணுச்சு? திருகாணியே வைங்க" என்ற வீரணன், கொஞ்சம் யோசித்துவிட்டு, "இரும்பா? மழைக்காலத்துல துருப்பிடிக்குமா?" என்றார்.

"டைட்டானியம். துருப்பிடிக்காது."

"க்ரீஸ் கிரீஸ் ஏதும் வைக்கணுமா?"

"பல் விளக்கினாப் போதும்ண்ணே."

விலையைக் கேட்டதும் முத்துச்செல்வி அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஏற்கெனவே அவர் உட்கார்ந்துதான் இருந்தார் என்றாலும், இன்னும் கீழே போனது போல இருந்தது. அதைவிடப் பெரிய இடி அப்புறம்தான் விழுந்தது. திருகாணி இறக்கினால் அதைச் சுற்றி எலும்பு வளர்ந்து பிடிக்க ஆறு மாதம் ஆகுமாம். அதற்குப் பிறகுதான் பல்லாம்.

"ஆறு மாசமா? தையில காதுகுத்தும்மா! அதுக்குள்ள காதுகுத்துன பிள்ளை பள்ளிக்கூடமே போயிரும்!"

"அவசரப்பட்டு மேல பாரத்தை ஏத்தினா திருகாணி ஆடிப்போகும். அதுவரைக்கும் கழட்டி மாட்டுற மாதிரி ஒரு பல் தாரேன். பார்வைக்குத்தான், கடிக்கிறதுக்கு இல்ல. பீடி குடிப்பீங்களா?"

"எப்பவாச்சும்."

"பொய்யி" என்றார் முத்துச்செல்வி. அவருக்கும் ஏதாவது ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டியிருந்தது. பீடி குடித்தால் எலும்பு ஒட்டாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்ல, வீரணன் சட்டைப்பையிலிருந்த பீடிக்கட்டை எடுத்து மேசையில் வைத்தார், போலீஸில் சரணடைகிறவரைப் போல.

மார்கழியில் நல்ல காரியம் ஆகாது என்று முத்துச்செல்வி தடுத்துப் பார்த்தார். பல்லுக்கு ஏது மார்கழி என்று ராகுகாலம் மட்டும் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தார் வீரணன். ஊசி போட்டதும் பாதி முகம் அடுத்தவருடையது போல மரத்துப்போனது. மெஷின் உள்ளே இறங்கியபோது வலி இல்லை. சத்தமும் அதிர்வும்தான், தெருவில் போர்வெல் போடுவது போல. எங்கே தண்ணீர் பீய்ச்சியடிக்குமோ என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்து, ஈறை மூடித் தையலும் போட்டாகிவிட்டது. மரப்பு விடாத உதட்டில் காபி குடித்துச் சட்டையெல்லாம் கொட்டிக்கொண்டார். மறுநாள் மேலுதடு வீங்கியது. ஐஸ் ஒத்தடம், மாத்திரை, ஆறின கஞ்சி. ஒரு வாரத்தில் தையல் பிரித்து, கழட்டி மாட்டும் பல்லையும் கொடுத்தார்கள். கண்ணாடியில் பார்த்து வீரணன் சிரித்த சிரிப்பில் கிளினிக்கில் காத்திருந்தவர்களுக்குப் பாதி பயம் போய்விட்டது.

தை பிறந்தது. தட்டுகளில் சீர் அடுக்கி, கொட்டுமேளத்தோடு தாய்மாமன் அந்தக் குலசாமி கோயிலுக்கே போய் இறங்கினார். வாசலில் பத்தடி உயரத்துக்கு ஃப்ளெக்ஸ். அதில் வீரணன் சிரித்துக்கொண்டிருந்தார். பல் போன பின் எடுத்த படத்தைத்தான் முத்துச்செல்வி கொடுத்தனுப்பியிருந்தார். ஃப்ளெக்ஸ் போடுகிறவர்கள் பக்கத்துப் பல்லையே நகல் எடுத்து ஓட்டையை அடைத்திருந்தார்கள். அது கொஞ்சம் பெரிதாகப் போய், முயல் ஒன்று மீசை வைத்துக்கொண்டது போல இருந்தது. கே.கே. நகரில் ஆறு மாதம் ஆகிற வேலையை இந்தப் பயல்கள் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்களே என்று வீரணனுக்கு ஒரு நிமிடம் எரிச்சலே வந்தது.

கருத்தக்கண்ணன் கும்பிட்டார், பேசவில்லை. வீரணனும் கும்பிட்டார், பேசவில்லை. போன வருடத்து அதே கோயில் அண்டாவில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. ஜெயக்கொடி அண்ணன் வாயையும் புருஷன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்தாள்.

மொட்டையடித்த பிள்ளை மாமன் மடியில் உட்கார்ந்தது. கையில் லட்டு. முதல் காதை ஆசாரி குத்தியது அதற்குத் தெரியவே இல்லை. தெரிந்த பிறகு இரண்டாவது காதுக்குச் சம்மதிக்குமா? ஊசி பட்டதுதான் தாமதம், வீலென்று கத்திக்கொண்டு மொட்டைத் தலையைப் பின்னால் ஓங்கி ஒரு முட்டு முட்டியது. அது நேரே மாமன் வாயில் விழுந்தது. கழட்டி மாட்டுகிற பல், கழன்று பறந்தது.

மேளம் நின்றது. எல்லோர் கண்ணும் அந்த ஓட்டைக்குப் போய், அங்கிருந்து கருத்தக்கண்ணனிடம் போனது. கூட்டத்தில் யாரோ ஒருவர், "அப்பன் பண்ணுனத மகளும் பண்ணிட்டாய்யா" என்று சொல்லி, சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஜெயக்கொடிக்கு முகம் வெளுத்தது. இதோ, புருஷன் துண்டை உதறப் போகிறார், அண்ணன் எழுந்து போகப் போகிறார், எல்லாம் போச்சு என்று நின்றாள்.

கருத்தக்கண்ணன் துண்டை உதறத்தான் செய்தார். உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு தரையில் மண்டியிட்டார்.

"யாரும் நகராதீக! மிதிச்சுப்புடாதீக!"

பட்டு வேட்டியோடு அந்த மனிதர் நாலுகாலில் தவழ்ந்தார். சீர்த்தட்டுக்கு அடியில், செருப்புகளுக்கு நடுவில், அடுப்புச் சாம்பல் வரை போனார். கடைசியில் அண்டாவுக்குப் பக்கத்தில் கிடைத்தது. இந்தத் தடவை நல்லவேளையாக வெளியே விழுந்திருந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவி, வேட்டியில் துடைத்து நீட்டினார்.

"இந்தாங்க மச்சான்."

ஒரு வருடத்தில் முதல் வார்த்தை. வீரணன் பல்லை வாங்கிக்கொண்டார். "இத நீ போன வருசமே தேடிருக்கணும் மாப்ள" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் கருத்தக்கண்ணனுக்குக் காது சிவந்துபோனது, அவருக்கும் காது குத்தியது போல.

பந்தியில் மாப்பிள்ளையே கரண்டியோடு வந்தார். தலைக்கறியில் மூளையை மட்டும் தனியாக எடுத்து மச்சான் இலையில் வைத்து, "இதக் கடிக்க வேணாம்" என்றார். வீரணன் வழித்துச் சாப்பிட்டார். வயிறு நிறைந்தது. செய்ததை ஒப்புக்கொள்கிற ஒரு சொல் மட்டும் இன்னும் வரவில்லை, முள்ளும் இருந்த இடத்திலேயே இருந்தது.

திருகாணி அசையவில்லை என்று மறுநாளே டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார். ஆனியில் ஈறை லேசாகத் திறந்து ஒரு மூடி வைத்தார். ஈறு ஆறியதும் அச்சு எடுத்து, பல்லுக்கு நிறம் பார்த்தார். இருப்பதிலேயே வெள்ளையான பல்லை வீரணன் காட்ட, "மத்த பல்லெல்லாம் பீடி குடிச்ச பல்லுண்ணே, இது மட்டும் தனியா ட்யூப்லைட் மாதிரி எரியும்" என்று மங்கலானதையே தேர்ந்தெடுத்தார்.

ஆடியில் பல் மாட்டும் நாள். கூப்பிடாமலேயே கருத்தக்கண்ணன் திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்து, உள்ளே கதவோரம் நின்றார். டாக்டர் பல்லை ஒட்டி, பஞ்சை வைத்து, "கொஞ்ச நேரம் அழுத்திக் கடிங்க. பேசக்கூடாது" என்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே, "இனிமே படிக்கட்டைப் பாத்து ஏறி இறங்குங்கண்ணே" என்றார்.

"எந்தப் படிக்கட்டு?" என்று கேட்டார் கருத்தக்கண்ணன்.

"அண்ணன் விழுந்தாங்களே, அந்தப் படிக்கட்டு. அதுலதான பல் போச்சு?"

கருத்தக்கண்ணன் மச்சானைப் பார்த்தார். வீரணன் சுவரைப் பார்த்தார்.

"அந்தப் படிக்கட்டு நான்தாம்மா" என்றார் கருத்தக்கண்ணன். "நான்தான் தள்ளிவிட்டேன்."

வாயில் பஞ்சு இருந்ததால் வீரணனால் பதில் சொல்ல முடியவில்லை. கண் மட்டும் நிறைந்து வழிந்தது. டாக்டர் பதறிக் குனிந்து, "வலிக்குதாண்ணே?" என்று கேட்டார்.

இல்லை என்று தலையை ஆட்டினார் வீரணன்.