கப்பன் பார்க்கில் உட்காரக் கற்றது

மகனுக்குப் பால் மறக்கடித்த வாரத்தில்தான் கைக்குட்டையில் முதல்முறை ரத்தம் பார்த்தேன். பல் ஈறாக இருக்கும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். தினமும் சாயங்காலம் ஏறும் ஜுரத்துக்கு மட்டும் என்ன சாக்குச் சொல்வது? சளிப் பரிசோதனையில் க்ஷயம் (நுரையீரலை அரிக்கும் காசநோய்) என்று தெரிந்தது. அருளுக்கு அப்போது பத்து மாதம்.

டாக்டர் கன்னடக்காரர், எங்களிடம் தமிழில் பேசுவார். "நோடிம்மா, பாருங்க, குழந்தையைத் தொடக் கூடாது. பதினஞ்சு அடி தள்ளியே இருக்கணும்."

"எத்தனை நாளைக்கு டாக்டர்?"

"சளி சுத்தமாகிற வரைக்கும். தினம் கப்பன் பார்க் போங்க. மரத்தடியில சும்மா உட்காந்து காத்து வாங்குங்க."

அன்றே என் நாத்தனார் ரெஜினா அருளை அல்சூரில் இருந்த தன் வீட்டுக்குத் தூக்கிப் போனாள். எங்கள் காக்ஸ் டவுன் வீட்டில் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வந்தன. இந்த நோயில் இருப்பவர்களுக்கு அந்த டம்ளரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

காலையில் ஆபீஸ் போகிற வழியில் என் கணவர் ஜட்கா குதிரை வண்டியில் என்னைப் பார்க்கில் இறக்கிவிட்டு, மதியம் வந்து அழைத்துப் போவார். அங்கேதான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். உட்காரவே இல்லை. நடந்தேன்.

குடும்பத்துப் பெண் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். "யாருக்கும்மா காத்துட்டு இருக்கீங்க?" என்று தோட்டக்காரரே கேட்டுவிட்டார். நடப்பவளை யாரும் கேட்பதில்லை. இதைவிடப் பெரிய காரணமும் உண்டு. வீட்டில் நான் நோயாளி. பார்க்கில் என்னை யாருக்கும் தெரியாது. புல்வெளியைச் சுற்றி விறுவிறுவென்று நடக்கிற வரை நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய பழைய டீச்சரம்மாதான். உட்கார்ந்தால் பெஞ்சே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தேன். எவ்வளவு நடக்கிறேனோ அவ்வளவு சீக்கிரம் அருளிடம் போய்ச் சேரலாம் என்றும் நினைத்தேன்.

மூன்றாம் வாரம் வாய் நிறைய ரத்தம் வந்தது.

"உட்காருங்கன்னா ரேஸ் ஓடியிருக்கீங்களேம்மா! கால் ஓடினா மூச்சும் ஓடும். அப்புறம் உள்ளே புண் எப்படி ஆறும்?" என்று டாக்டர் கத்தினார்.

"இனிமே குழந்தையைத் தூக்கவே முடியாதா டாக்டர்?"

அவர் மருந்துச் சீட்டை எழுதி என் பக்கம் தள்ளினார்.

இரண்டு மாதம் படுத்த படுக்கை. பிறகு வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். பார்க்கத்தான் செய்தார்கள். பார்க்கட்டுமே! உட்கார்ந்த பிறகுதான் மற்ற பெஞ்சுகள் என் கண்ணில் பட்டன. வெயிலிலும் கம்பளி சுற்றிய ஒருவர். மடியில் மூடி போட்ட எச்சில் குப்பியோடு ஒரு கிழவர். என்னைப் பார்த்து அவர் லேசாகத் தலையசைத்தார். உல்லாசத்துக்கு வருகிறவர்களுக்கு அது பார்க். எங்களுக்கு அது கூரையில்லாத ஆஸ்பத்திரி.

வாரம் ஒருமுறை ரெஜினா அருளைக் கொண்டுவந்து பதினைந்து அடி தள்ளி நிற்பாள். அவன் நடக்கத் தொடங்கியதும் ஆபத்தும் தொடங்கியது.

"அண்ணி, கையை உதறிட்டான்! எழுந்திரிங்க, எழுந்திரிங்க!"

நான் எழுந்து பின்வாங்குவேன். அவன் ஓர் அடி வைத்தால் நானும் ஓர் அடி. ரெஜினா ஓடிவந்து அவனைப் பிடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வரும். பெற்ற பிள்ளையைக் கண்டு ஓடுகிற தாய் எங்கேயாவது உண்டா? அவனோ அதை விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டிச் சிரிப்பான். வீட்டுக்கு வந்த பிறகும், என் மூச்சு அவன்மேல் பட்டிருக்குமோ என்ற நினைப்பு என்னைத் தின்னும்.

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு, மூன்று பரிசோதனைகளில் அடுத்தடுத்து சளி சுத்தமாக இருந்தது. "தைரியமா தூக்கிக்கோங்கம்மா," என்றார் டாக்டர்.

ரெஜினாவைப் பார்க்குக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். புல்லில் மண்டியிட்டுக் கையை நீட்டினேன். "வாடா கண்ணு!"

அருள் ஓடிவந்தான். நான் நினைப்பதற்கு முன்பே என் கால்கள் எழுந்து இரண்டடி பின்னால் போய்விட்டன. ஒன்றரை வருஷம் என் உடம்பு படித்த பாடம் அது ஒன்றுதான். வெட்கப்பட்டு அப்படியே நின்றேன்.

அவனும் நின்றுவிட்டான். என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓடும்மா!" என்றான்.

"இனிமே அம்மா ஓட மாட்டேன்டா," என்று சொல்லி ஓர் அடி முன்னால் வைத்தேன்.

அவன் சிரித்துக்கொண்டே ஓர் அடி பின்னால் போனான்.