நான் அழித்து எழுதிய இலக்கம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் தாதிப் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் எங்கள் வீடு இருக்கும் ஒழுங்கையில் என்னை ஏதோ முழுத் தாதி போல "மிஸ்ஸி" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். எனக்கோ ஸ்டெதஸ்கோப்பைக் காதில் வைத்தால் என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்கும். பிறஷர் பார்த்து இரண்டு தடவை பிழையாகச் சொல்லி, வகுப்பே சிரித்திருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் ஆசிரியை, ஊரில் ஐந்து பேருக்குப் பிறஷர் பார்த்துக் கொப்பியில் எழுதிவரச் சொன்னார். நாலு பேருக்குச் சுலபமாக முடிந்தது. ஐந்தாவது, எங்கள் ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் திருத்தும் அண்ணை. நாற்பது வயதிருக்கும். காய்ச்சல் என்றுகூடப் படுத்ததில்லை.

நூற்றிருபதளவில் இருக்க வேண்டிய மேல் இலக்கம் அவருக்கு இருநூற்றுப் பத்து காட்டியது. கைப்பட்டிக்கு மறுபடி காற்றடித்தேன். அதே இருநூற்றுப் பத்து.

"என்ன பிள்ளை, முழிசுறீர்? எனக்கு ஒண்டுமில்லை. உம்மடை மெசினுக்குத்தான் வருத்தம்" என்று அவர் சிரித்தார்.

நானும் சிரித்தேன். உண்மையில் நிம்மதியாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும், பென்சிலால் எழுதியிருந்த 210ஐ அழிறப்பரால் அழித்துவிட்டு 130 என்று போட்டேன். மறுபடியும் வகுப்பில் யார் சிரிப்பு வாங்குவது?

திங்கட்கிழமை ஆசிரியை அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதிலை முதல் என்ன எழுதினனீர்?"

சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளிறிவிட்டது. "அந்த ஆள் இப்ப எங்கை?" என்று மட்டும் கேட்டார். வகுப்பை அப்படியே விட்டுவிட்டு, என்னைத் தன் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்.

அண்ணை கடை வாசலில் குந்தியிருந்து ஒரு மோட்டார் சைக்கிளின் சில்லைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஸ்பானர் கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்தார். திரும்பவும் விழுந்தது.

"இப்ப ஒரு அரை மணித்தியாலமா இந்தக் கை விறைச்சுப்போய்க் கிடக்குது, மிஸ்" என்றார். சொல்லும்போதே வாய் ஒரு பக்கம் இழுத்தது.

ஆசிரியை பார்த்தபோது இருநூற்று முப்பது. ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது என் கையைத் திருப்பிப் பிடிக்கவில்லை.

மூளைக்குப் போகும் இரத்தக்குழாயில் அடைப்பாம். இன்னும் பிந்தியிருந்தால் கையோடு பேச்சும் போயிருக்கும் என்றார் டொக்டர்.

பத்து நாளில் வீட்டுக்கு வந்த அண்ணை, பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "இந்தப் பிள்ளைதான் என்னைக் காப்பாத்தினது" என்று சொன்னார். அவருடைய மனைவி தோடம்பழமும் பிஸ்கட்டும் கொண்டுவந்து தந்தார். ஒரு கிழமைக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணை, அண்டைக்கே உங்களுக்குப் பிறஷர் கூடத்தான் இருந்தது. வகுப்பிலை சிரிப்பினம் எண்டு பயந்து மாத்தி எழுதிப்போட்டன்" என்று அவருக்கு முன்னால் நின்று சொன்னேன்.

மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார். அண்ணையின் வலது கை மடியிலேயே கிடந்தது. இடது கையை என் பக்கம் நீட்டினார்.

"இப்ப ஒருக்காப் பாரும். என்ன காட்டுதோ, அதைச் சொல்லும்."

இன்றுவரை எத்தனையோ பேருக்குப் பிறஷர் பார்த்துவிட்டேன். ஆனாலும், ஒரு மனிதனின் உயிரைவிட வகுப்பின் சிரிப்பு எனக்குப் பெரிதாகத் தெரிந்த அந்த ஒரு நிமிடத்தை மறக்கவில்லை; காட்டுவதைப் பேனையால்தான் எழுதுகிறேன்.