நல்ல நேரத்தில் போன கரண்ட்

ஜவ்வாது மலையடிவாரத்தில், ஒடுகத்தூரில் நானும் என் கணவரும் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறோம். கோடையில் கம்ப்யூட்டர் சூடாகி அடிக்கடி நின்றுவிடும். அதனால், உள்ளே தண்ணீர் ஓடிக் குளிர்விக்கும் கம்ப்யூட்டர் ஒன்றை, பாகங்களை வாங்கி நானே சேர்த்துப் பூட்டினேன். கெட்டியான பிளாஸ்டிக் குழாய்களைச் சூடுகாட்டி வளைத்துப் பொருத்துவதைப் பார்த்து, “இன்னா, பிளம்பர் வேலைக்குப் போகப் போறியா?” என்று கணவர் கிண்டலடித்தார்.

நீல நிறத் தண்ணீரை ஊற்றி சுவிட்சைப் போட்டதும் அது அழகாக ஓடியது. இருவரும் கைதட்டினோம். உடனே கரண்ட் போய்விட்டது.

“சே, இப்பதான் போவணுமா?” என்று அவர் சலித்துக்கொண்டார். ஃபேன் சத்தமும் அடங்கிய அமைதியில் ‘சொட், சொட்’ என்று கேட்டது. ஓர் இணைப்பிலிருந்து கசிந்த தண்ணீர், வீடியோ வேலைக்காக வாங்கிய புது கிராபிக்ஸ் கார்டை ஒட்டி விழுந்துகொண்டிருந்தது. பதறிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

“இன்னா அது, கையில கருப்பு மோதிரம்?” என்றார் கணவர்.

தொலையக் கூடாதென்று நான் விரலில் மாட்டிவைத்து மறந்த ரப்பர் வளையம். அந்த இணைப்புக்குள் இருக்க வேண்டியது! பயமெல்லாம் போய், வயிறு வலிக்கச் சிரித்தோம்.

நன்றாகக் காயவைத்து, வளையத்தைப் போட்டு மாட்டினோம். இந்தக் கோடையில் கம்ப்யூட்டர் ஒருமுறைகூட நிற்கவில்லை. இப்போதெல்லாம் குழாயில் கைவைத்தால், முதலில் தண்ணீரைச் சுற்றவிடும் பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ பேப்பர் வைத்துப் பார்க்கிறேன். பேப்பர் நனையாமல் இருந்தால்தான் மற்ற பாகங்களுக்குக் கரண்ட்.