ஸ்பேசர் கணக்கில் ஏறிய நால்வர்

காருக்கு ஆசையாக வாங்கிய அகலமான புது வீல், உள்ளே ஷாக் அப்சார்பரில் உரசியது. வீல் எவ்வளவு உள்ளே, வெளியே நிற்கும் என்று ஆஃப்செட் கணக்குப் போட்டு, ஐந்து மில்லிமீட்டர் ஸ்பேசர் தகடு வைத்து வீலை வெளியே தள்ளினேன். ஆள் ஏறி வண்டி அமுங்கினால் மட்கார்டில் இடிக்குமோ? திருப்பாதிரிப்புலியூரில் சிதம்பரம் பஸ்ஸுக்கு நின்றவர்களிடமே கேட்டுவிட்டேன்.

"கொஞ்சம் ஏறி உக்காருங்களேன், டயர் இடிக்குதான்னு பாக்கணும்."

நான்கு பேர் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். குனிந்து பார்த்தேன். விரல் நுழைய இடமிருந்தது! துள்ளினேன்.

யாரும் இறங்கவில்லை. பூக்கூடை வைத்திருந்த அக்கா கதவைச் சாத்தினார். "இடிக்கலல்ல? அப்ப சிதம்பரத்துக்கு வுடு தம்பி."

வேகத்தடை வரும்போதெல்லாம் ஐந்து பேரும் மூச்சுவிடாமல் காது கொடுத்தோம். தாண்டியதும் ஒரே கைத்தட்டல்! கணக்குப் போட்ட எனக்குப் பாதி நம்பிக்கைதான் இருந்தது. மீதி, பின் சீட்டில் உட்கார்ந்து வந்தது.