முட்டக்காவின் மூன்றடிச் சுவர்

சாய்கிற சுவருக்கு முட்டுக் கொடுத்தே முப்பது வருஷம் ஓட்டியவள் அவள். ஊரே அவளை முட்டக்கா என்றுதான் கூப்பிடும். சரிவாக இறங்கும் முட்டுச்சுவர், படிப்படியாக இறங்குவது, நடுவில் ஆள் போக வழிவிட்டு வில்லாக வளைந்து போய்த் தாங்குவது என்று அவள் கை படாத தினுசு கிடையாது. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். பாதி மேஸ்திரிகளுக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

தையல் கூடத்தின் பின்சுவருக்கு அவள் கட்டிய படிமுட்டு, சந்துக்குள் மூன்றடி நீட்டிக்கொண்டு நின்றது. லாரி திரும்ப இடைஞ்சல் என்று முதலாளி ஒரு புது மேஸ்திரியை வைத்து, பக்கத்திலேயே ஒல்லியாக ஒன்று எழுப்பிவிட்டார். பழையதை இடிக்கச் சம்மட்டியோடு ஆள் வந்த காலையில், முட்டக்கா போய் அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம், சரியாக அதே இடத்தில்தான் அவள் தங்கையின் தையல் மெஷின். பின்னே, சும்மா இருப்பாளா?

"எந்திரிம்மா. அதான் புதுசா கட்டியாச்சுல்ல?" என்றார் முதலாளி.

"கட்டினீங்களா, ஒட்டினீங்களா?"

இடுப்பிலிருந்து ரம்பத் தகடு ஒன்றை உருவினாள். உட்கார்ந்தபடியே கையை நீட்டி, புது முட்டும் சுவரும் சேருமிடத்தில் பூச்சைச் சுரண்டிவிட்டுச் செருகினாள். தகடு தடங்கலே இல்லாமல் முழுசாக உள்ளே போனது. பழைய சுவரில் ஒன்றுவிட்டு ஒன்றாகச் செங்கல்லைப் பெயர்த்து, புதுக் கல்லை அதற்குள் கோத்துக் கட்ட வேண்டும். அந்தப் புண்ணியவான் பக்கத்தில் அடுக்கிப் பூசியதோடு சரி.

"சுவர் சாஞ்சா இதுவும் கூடவே சாயும் முதலாளி. இத நம்பியா உள்ள இத்தன பொம்பளைங்கள உக்கார வச்சிருக்கீங்க?"

முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம். சத்தம் கேட்டு வெளியே வந்த தங்கையிடம் திரும்பினார்.

"உங்க அக்காவக் கூட்டிட்டுப் போ. இல்லன்னா நாளைலருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்."

தங்கையின் பிழைப்பில் மண் விழுந்தால்? முட்டக்கா சாய்ந்திருந்த முதுகை நிமிர்த்தினாள்.

தங்கை கிட்டே வந்து நின்றாள்.

"நீ சொன்னா எந்திரிச்சிடறேன்டி," என்றாள் முட்டக்கா, மெதுவாக.

"எந்திரிச்சே, உதை வாங்குவே. கொஞ்சம் தள்ளி உக்காரு, எனக்கும் இடம் வேணும்."

உள்ளே மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. சம்மட்டி கொண்டுவந்தவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே கிளம்பினார்.