டில்லிபாபுவின் சிவப்புக் கோடுகள்

போன வியாழக்கிழமை காலை, மெக்கானிக் டில்லிபாபு இறந்துவிட்டதாக அவருடைய எண்ணிலிருந்தே செய்தி வந்தது. யாரோ மோசடிப் பேர்வழி என்று நினைத்தேன். திருப்பி அழைத்துக் குறுக்கு விசாரணை செய்தேன். எடுத்தது அவர் மனைவி அம்சா. "டீச்சருக்கு என் போன்லேர்ந்தே சொல்லு, இல்லாங்காட்டி நம்ப மாட்டாங்கன்னு அவருதான் சொன்னாரு" என்று அழுதார்.

சைதாப்பேட்டையில் அவர் பட்டறைக்கு வண்டி விட்ட உங்களுக்கெல்லாம் என்னைத் தெரியும். ஸ்டூல் போட்டுக் காவல் காத்த மயிலாப்பூர் டீச்சர் நான்தான்.

முதன்முதலில் போனபோது என் டீசல் கார் சிக்னலுக்குச் சிக்னல் உதறி நின்றுகொண்டிருந்தது. வாரம் மூன்று முறை கணவரை டயாலிசிஸுக்கு அடையாறு அழைத்துப் போக வேண்டும். பாலத்தின் நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பயந்துகொண்டேதான் ஓட்டுவேன். முன்பு காட்டிய இடத்தில் ஈ.ஜி.ஆர். வால்வையே மாற்றச் சொன்னார்கள். டில்லிபாபுவோ சுத்தம் செய்தால் போதும் என்றார். புதிது வேண்டாம் என்று சொல்லும் மெக்கானிக்கை எப்படி நம்புவது?

"இன்ஜின் உட்ற பொகைல கொஞ்சத்த இந்த வால்வு திரும்ப உள்ளயே அனுப்புது டீச்சர். உள்ள சூடு கொறையும், வெளிய விஷப்பொகை கம்மியாவும். நீங்க கிட்டக்கிட்டவே மெதுவா ஓட்டிக்கினு கீறீங்க. கரி படிஞ்சு, மூட முடியாம தொறந்தே நிக்குது. அதான் வண்டி ஒதறுது" என்றார். விளக்கம் தெளிவாக இருந்தது. தெளிவாகப் பேசுபவர்களிடம் எனக்குச் சந்தேகம் கூடும்.

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் போல்ட் ஒன்றில் சிவப்பு நகப்பூச்சைப் பொட்டாக வைத்தேன். கழற்றினால் பூச்சு உடைந்துவிடும். மறுநாள் போனால் பொட்டு அப்படியே இருந்தது. "தொடவே இல்ல நீங்க! ஏமாத்தறீங்க!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவர் குனிந்து பார்த்தார். "இது வேற போல்ட்டு டீச்சர். வால்வு அதுக்குக் கீழ கீது" என்றார். அதையும் நான் நம்பவில்லை. மறுபடி கழற்றிக் காட்டினார். கரி எல்லாம் போய், உலோகம் பளிச்சென்று இருந்தது. புது கேஸ்கெட் வைத்து மாட்டினார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

அதன் பிறகு அவர் டூல் பெட்டியிலேயே ஒரு நகப்பூச்சுப் புட்டி குடியேறியது. "இன்னா டீச்சர், பொட்டு வெச்சிட்டீங்களா? கைய வெக்கட்டா?" என்று கேட்ட பிறகே ஸ்பானரை எடுப்பார். கரி சீக்கிரம் படியாமலிருக்க, வாரம் ஒரு தடவை ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலையில் நீளமாக ஓட்டச் சொன்னார், ஓட்டினேன். வண்டி பிறகு ஒருநாளும் வழியில் நிற்கவில்லை. என் கணவர் ஒரு டயாலிசிஸையும் தவறவிடவில்லை.

போன மாதம் வால்வை மறுபடி சுத்தம் செய்யப் போனபோது மிகவும் இளைத்திருந்தார். டயட் என்றார். அதை மட்டும் சந்தேகப்படாமல் நம்பித் தொலைத்தேன். புட்டியை நீட்டினார். "வேணாம் பாபு, நம்பறேன்" என்றேன். இத்தனை வருடத்தில் நான் கேட்ட மன்னிப்பு அதுதான். அவருக்குப் பிடிக்கவில்லை. "அத்த மட்டும் உட்டுடாதீங்க டீச்சர். நாளைக்கு வேற எவன்கிட்டயாவது போவீங்க" என்றார்.

நேற்று பானட்டைத் திறந்து பார்த்தேன். வால்வின் ஒவ்வொரு போல்ட்டிலும், போல்ட்டையும் அடியிலிருக்கும் உலோகத்தையும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு. முடுக்கி முடித்த பிறகு அவர் போட்டது. இனி வேறு யார் தொட்டாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

புட்டியை அம்சாவிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. வால்வில் மறுபடி கரி சேரும், யாராவது அந்தக் கோடுகளை உடைத்துத்தான் ஆக வேண்டும். அன்றைக்கு ஸ்டூலைப் போட்டுப் பக்கத்திலேயே உட்காருவேன், பாபு.